தொண்டைக் கோடு

ஐஸ் உருகித் தேங்கிய தண்ணீரில் பறவையின் வயிற்றிறகு நனைந்து சதையோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் வேதநாயகிக்குக் குமட்டியது. குமட்டலைவிட, தனக்குக் குமட்டுகிறதே என்பதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது. முப்பத்தோரு வருஷமாக இந்த அறையில் செத்த பறவைகளோடுதான் அவள் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறாள். கல்லூரியின் விலங்கியல் துறைக்கு அவள் தலைவி. பின்கட்டில் இருக்கும் இந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கும் அவள்தான் பொறுப்பு. புழு வைத்த மயிலை உரித்திருக்கிறாள். மூன்று நாள் வெயிலில் கிடந்து ஊதிப்போன ஆந்தையை, மாணவர்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடிப்போய் நின்றபோது, தனியாக உட்கார்ந்து உரித்துப் பஞ்சு திணித்துத் தைத்திருக்கிறாள். அப்புறம் கையைக் கழுவிவிட்டு நேராக வகுப்புக்குப் போயிருக்கிறாள். இன்றைக்கு என்ன வந்தது? பறவை செத்தது நேற்றுக் காலையில். இன்னும் கெடக்கூட ஆரம்பிக்கவில்லை. பெட்டிதான் மீன் பெட்டி, மூலைகளில் மத்தி வாடை ஊறிப் போயிருந்தது. அதுவாகத்தான் இருக்கும் என்று பறவையை எடுத்துத் தட்டில் கிடத்திவிட்டு, பெட்டியைக் கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். மத்தி வாடை போயிற்று, குமட்டல் போகவில்லை. பாச்சை உருண்டை வாடையோ என்று அலமாரியைச் சாத்திப் பார்த்தாள். அதுவும் இல்லை. தொண்டைக்குக் கீழே ஏதோ ஒன்று ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. காலையில் தின்ற இட்லியா? இட்லி என்று நினைத்ததும் திருமூர்த்தியின் வாய் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். மணி பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருந்தது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். இது வைரியா, பெஸ்ராவா. இரண்டும் ஒரே பேரினத்துப் பங்காளிகள், புறா அளவில் இருக்கும் குட்டிப் பருந்துகள். வைரி எங்கும் இருப்பது. கல்லூரி மைதானத்து வேப்பமரத்தில்கூட ஒரு ஜோடி கூடு கட்டியிருக்கிறது. பையன்கள் கிரிக்கெட் ஆடும்போதே ஓணானைத் தூக்கிக்கொண்டு போகும். பெஸ்ரா அப்படி ஊருக்குள் வராது. ஈரம் சொட்டும் சோலைக்குள், கையை நீட்டினால் மரத்தில் இடிக்கிற நெருக்கத்தில், சிறு பறவைகளைத் துரத்திப் பிடித்துத் தின்று வாழ்வது. தமிழில் அதற்கென்று தனிப்பெயர் எதையும் அவள் கேட்டதில்லை. மலைக்காரர்கள் இரண்டையும் வைரி என்றே சொல்கிறார்கள். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் தொண்டையைப் பார்க்க வேண்டும்: பெஸ்ராவுக்கு வெள்ளைத் தொண்டையின் நடுவில் மையால் இழுத்த மாதிரி ஒரு கருங்கோடு இறங்கும்; வைரிக்கு அது மங்கலாக, இருந்தும் இல்லாத மாதிரி. காலைப் பார்க்க வேண்டும்: பெஸ்ராவுக்குக் குச்சிக் கால், அதில் நடுவிரல் மட்டும் நீண்டு, பறக்கிற குருவியை எட்டிப் பிடிப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், வைரிக்குத் தடித்த, குட்டையான விரல். வளர்ந்த பறவை என்றால் ஒரு நிமிஷ வேலை. இதுவோ முதல் வருஷக் குஞ்சு. குஞ்சாக இருக்கும்போது வைரிக்கும் தொண்டைக் கோடு அழுத்தமாகத்தான் இருக்கும், மார்பு முழுக்கப் பழுப்புக் கீற்றுகள் ஓடும். ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். அவளே ஒருதரம் ஏமாந்திருக்கிறாள், அதுவும் ஒரு கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால்.

ஏமாந்தது அன்றைக்குச் சிரிப்போடு போயிற்று. இன்றைக்கு அப்படி இல்லை. பறவை ஊமைக்கரட்டிலிருந்து வந்திருந்தது. அந்த மலையின் மேற்குச் சரிவில் ஒரு கம்பெனி பாறை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறது. அந்தச் சரிவில் வெறும் புதர்தான், சோலை என்று எதுவும் கிடையாது, காக்கா மைனா வைரி தவிர வேறு பறவை இல்லை என்று கம்பெனி ஒரு அறிக்கை கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாரணை. இந்த நேரத்தில், சரிவின் அடியில் இருக்கும் வனத்துறைச் சோதனைச்சாவடிக் கண்ணாடியில் மோதி இந்தப் பறவை செத்து விழுந்தது. ரேஞ்சர் அதை ஐஸில் வைத்து, அறிக்கையின் பறவைப் பக்கங்களை ஒரு கவரில் போட்டு, வனக்காவலர் சடையப்பனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். பெஸ்ரா என்று எழுத்தில் வந்துவிட்டால் மேலே சோலை இருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்க்கச் சொல்வார்கள். வைரி என்றால் அறிக்கை சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். ரேஞ்சருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அந்த அறிக்கையை எழுதிய திருமூர்த்தி யார் என்பது. தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதநாயகியின் புருஷன். கவர் மேஜை ஓரத்தில் பிரிக்காமல் கிடந்தது. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

காலையில் அவர் நாக்கு வழிக்கும் சத்தத்தில்தான் அவள் எழுந்தாள். இருபத்தொன்பது வருஷமாகக் கேட்கிற சத்தம். தொண்டையின் அடிவரைக்கும் போய் எதையோ தோண்டி எடுத்து வெளியே போடுவதுபோல, ஒருதரம், இரண்டுதரம், மூன்றாவதுதரம் நீளமாக. கல்யாணமான புதிதில் அதற்குச் சிரித்திருக்கிறாள். அப்புறம் காதில் விழாமலே போய்விட்டது. இன்றைக்கு விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல், அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து இட்லியைச் சாம்பாரில் பிசைந்தபோது அந்தச் சத்தம் இன்னும் வாய்க்குள்ளேயே இருப்பதுபோலத் தோன்றியது. பிசைந்த உருண்டையை வாய்க்குள் தள்ளிக்கொண்டே அவர் சொன்னார், "வேதா, ஊமைக்கரட்டுலருந்து ஒரு பறவை உன்கிட்ட வருதாம். கம்பெனிக்காரங்க போன் பண்ணாங்க." சாம்பார் உதட்டோரத்தில் வழிந்தது. "என்ன பறவையாம்?" என்று கேட்டாள். "வைரி. வேற என்ன இருக்கப் போவுது அங்க." "பார்க்காமயே சொல்றீங்க." "பார்த்துத்தானே எழுதியிருக்கேன் கண்ணு. நீ சும்மா ஒரு வரி எழுதிக் குடுத்துடு, அதுக்குப் போயி வெர்னியர், அளவுன்னு உக்காராதே." சொல்லிவிட்டு இடது கைச் சுண்டுவிரல் நகத்தால் பல்லிடுக்கைக் குத்தினார். நகத்தில் வந்ததைப் பார்த்தார். மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணு என்று சொன்ன வாய்க்குள் அது போயிற்று. அவள் பாதி இட்லியோடு எழுந்துவிட்டாள். அதில் என்ன அவ்வளவு அருவருப்பு? எல்லாரும் செய்கிறதுதானே. அவள் அப்பா செய்யாததா? நகத்தை விடு, அந்த "ஒரு வரி"யா? ஒரு வரி. புருஷன் பெண்டாட்டியிடம் ஒரு டம்ளர் மோர் கேட்பதுபோலக் கேட்டாரே. அதுவா? இல்லை, அவள் பதில் சொல்லாமல் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாளே, அந்த மௌனமா? சரி என்றுதான் அவர் அதை எடுத்துக்கொண்டிருப்பார். அவள்கூட அப்படித்தான் சொல்லியிருந்தாளோ என்னவோ.

பறவையின் வலது காலை விரித்துப் பிடித்தாள். செத்த விரல்கள் இறுகி மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்த வேண்டியிருந்தது. விரலின் அடியில் புடைத்துக்கொண்டிருந்த மஞ்சள் தோல், குளித்து ஊறிய கிழவியின் உள்ளங்கை மாதிரி சுருங்கியிருந்தது. நடுவிரலின் மேல் வெர்னியர் அளவுகோலை வைத்து மூடினாள். இருபத்தெட்டரை மில்லிமீட்டர். எழுதவில்லை. இன்னொருதரம் பார்க்கலாம் என்று குனிந்தபோது கழுத்திறகுக்குள்ளிருந்து, ஐஸில் விறைத்துக் கிடந்து இப்போது உயிர் பெற்ற ஒரு தட்டை ஈ ஊர்ந்து வந்தது. பருந்துகளின் மேல் எப்போதும் இருப்பதுதான். உடம்பில் சூடு இருக்கிறவரைக்கும் இரத்தம் குடித்துக்கொண்டு இறகுக்குள் கிடக்கும், சூடு அடங்கியதும் வேறு உடம்பு தேடிக் கிளம்பும். நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து அவள் கையுறையின் விளிம்பைத் தாண்டி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. உதறினாள். போகவில்லை. நசுக்கினாலும் நசுங்காத ஜாதி, தோல்போல இருக்கும். ஜாக்கெட் கைக்குள் புகுந்ததா கீழே விழுந்ததா என்று தெரியவில்லை. உடம்பு முழுக்க அது ஊர்வதுபோல் இருந்தது. தோளை, கழுத்தை, மார்புச் சேலைக்குள் எல்லாம் தடவித் தேடினாள். ஐம்பத்தேழு வயதுத் துறைத்தலைவி, கதவு திறந்திருக்கிற அறையில் நின்றுகொண்டு தன் உடம்பைத் தானே தடவிக்கொண்டிருக்கிறாள். சூடு அடங்கிய உடம்பை விட்டு அது கிளம்பிவிட்டது. அதற்கு இருக்கிற புத்தி. இருபத்தொன்பது வருஷம், சூடு எப்போது அடங்கியது என்றுகூடக் கவனிக்காமல், அதே உடம்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு. சே, இது என்ன யோசனை. அவர் என்ன செத்தா போய்விட்டார்.

செத்துப்போகவில்லைதான், ஆனால் அவர் நிஜமாகவே உயிரோடு இருந்த காலம் அவளுக்குத் தெரியும். ஒரு புல்லுக்காக நாற்பத்திரண்டு நாள் மலையில் கிடந்த மனுஷன். புல் என்றால் ஆள் மிதித்துக்கொண்டு போகிற புல்தான். பாறை இடுக்கில் முளைப்பது, ஒரு விரல் உயரம். அது பூக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது, எவருக்கும் கவலையும் இல்லை. பூத்ததைப் பார்த்த பிறகுதான் இறங்குவேன் என்று குகையில் படுத்துக்கொண்டு, அரிசியும் கருவாடும் தீர்ந்துபோய், தாடியும் சொறியுமாக அவர் கீழே வந்தபோதுதான் இவளுடைய கல்லூரி மாணவர் முகாம் அங்கே போயிருந்தது. அவள் அப்போது எம்.எஸ்ஸி. அவர் மேல் அடித்த வாடையில் கூட வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். அவளுக்கு அது வாடையாகவே தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் குதிகாலில் அட்டை கடித்து, இரத்தம் குடித்து, திராட்சை மாதிரி உப்பித் தொங்கியது. அவர் உட்கார்ந்து, "காலைப் புடிக்கலாங்களா" என்று அனுமதி கேட்டுவிட்டு, நகத்தால் அதன் வாயைப் பக்கவாட்டில் நெம்பி எடுத்து, நசுக்காமல் ஒரு இலையில் வைத்துப் பள்ளத்தில் விட்டார். "அதுக்கும் வயிறு இருக்குதுங்களே" என்றார். அந்த நகம்தான். காலையில் பல்லிடுக்கைக் குத்தியதும் அந்த நகம்தான். அப்போது அருவருக்காதது இப்போது ஏன்? அவர் பெயரில் அந்தப் புல்லைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நாற்பத்திரண்டு நாளும் அதில் நாள்வாரியாக இருக்கும். பூக்காத நாட்களுக்கு எதிரே "பூக்கவில்லை" என்று எழுதியிருப்பார். நாற்பத்தோரு தரம் பூக்கவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் வீட்டில் சண்டை போட்டு இவரைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா."

சடையப்பன் வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். காக்கிச் சட்டையின் கழுத்து நைந்திருந்தது. இரண்டரை மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு மலைக்குப் போக வேறு வண்டி கிடையாது என்று வரும்போதே சொல்லியிருந்தார்.

"உள்ள வாங்க. இன்னும் முடியலைங்க. ஒரு அரை மணி ஆகும்."

"ஆகட்டுங்கம்மா. ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லுங்க."

"எனக்குப் படிப்பு இல்லைங்க. ஆனா எந்தப் பேரு வந்தா அந்தக் கரடு தப்பிக்குமுன்னு ரேஞ்சரய்யா சொல்லிட்டிருந்தாருங்க. வெளிநாட்டுப் பேரு மாதிரி ஏதோ சொன்னாரு. அந்தப் பேரையே எழுதிப்போடுங்கம்மா." அவர் பறவையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். "மேக்காலச் சரிவுலதான் எங்களுக்குத் தண்ணி உருவாகுதுங்க. வெடி வெச்சா ஊத்துக்கண்ணு மூடிக்குமுங்க. பதினேழு வீடு இருக்குதுங்க."

"மேல சோலை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்களே. பகல்லயே இருட்டா இருக்கும். அளக்க வந்தவங்க ஆரும் அதுக்குள்ள போகலைங்க. அறிக்கை எழுத வந்தாங்கன்னு சொல்றாங்க, நான் ஆரையும் பாக்கலைங்க. நான்தானுங்க அந்தப் பக்கத்துக்குக் காவல்."

"நீங்க லீவுல இருந்திருப்பீங்க."

"இருக்கலாமுங்க," என்று மரியாதைக்கு ஒத்துக்கொண்டு வராந்தா பெஞ்சுக்குத் திரும்பிப் போனார்.

அவள் மறுபடி வெர்னியரை எடுத்தாள். இந்தத் தரம் இடது கால். இருபத்தொன்பது. விரலை இன்னும் கொஞ்சம் இழுத்து, நகத்தின் வேர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வைத்தால் இருபத்தொன்பதரைகூட வரும். வேரைக் கொஞ்சம் தள்ளி எடுத்துக்கொண்டால் முப்பது. தள்ளி எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு, ஈரத்தில் தோல் சுருங்கியிருக்கிறது, காய்ந்தால் இன்னும் சுருங்கும், உயிரோடு இருந்தபோது நீளமாகத்தான் இருந்திருக்கும். முப்பத்தொன்று என்று வைத்துக்கொண்டால் பெஸ்ராவின் பக்கம் வந்துவிடும். தொண்டைக் கோடுதான் பளிச்சென்று இருக்கிறதே. பதினேழு வீடு. ஊற்றுக்கண். பெஸ்ரா என்று எழுதி அனுப்பிவிட்டால், வெள்ளிக்கிழமை விசாரணையில் திருமூர்த்தியை எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். சட்டைப்பையில் குளிர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பெனிக்காரர்களோடு வந்து நிற்கிற அவர் முகம் அப்போது எப்படிப் போகும் என்று பார்க்கலாம். பார்க்க வேண்டும்போல் இருந்தது. வாய் இனித்தது. அப்படி நினைத்துக்கொண்டே குறிப்பேட்டைப் பார்த்தவள், அதில் 31 என்று தன் கையெழுத்தில் எழுதியிருப்பதைக் கண்டாள். எப்போது எழுதினாள்? பேனா கையில்தான் இருந்தது. மையும் காயவில்லை. குமட்டல் இப்போது வாய்வரைக்கும் வந்துவிட்டது. தொட்டியருகே போய்க் குனிந்து நின்றாள். வெறும் உமிழ்நீர்தான் வந்தது. முப்பத்தொன்று. வெர்னியரை யார் பிடித்திருந்தாலும் வராத எண். வீட்டில் ஒருத்தர் பறவையைப் பார்க்காமலே வைரி என்கிறார். வெளியே ஒருத்தர் பார்க்காமலே மற்றது என்று எழுதச் சொல்கிறார். ஒருத்தருக்குக் கம்பெனி, ஒருத்தருக்குத் தண்ணீர். இரண்டும் ஒன்றில்லை, ஒருநாளும் ஒன்றில்லை. ஆனால் அவள்? அவள் பார்த்துக்கொண்டே, தொட்டுக்கொண்டே, அளந்துகொண்டே எழுதியிருக்கிறாள். அந்த மனுஷனை அருவருக்க அவளுக்கு என்ன யோக்கியதை. காலையிலிருந்து குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று மீன்பெட்டியையும் பாச்சை உருண்டையையும் மோந்து திரிந்தாளே.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், 31 என்பதை ஒரே கோட்டால் அடித்தாள். அலமாரியைத் திறந்து தட்டுகளை இழுத்தாள். பஞ்சு திணித்த வைரிகள் ஆறு மல்லாந்து கிடந்தன, கால்கள் கட்டி, கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு துருத்திக்கொண்டு. அடுத்த தட்டில் பெஸ்ரா இரண்டு. ஒன்று வெள்ளைக்காரன் காலத்தது. எல்லாவற்றையும் கொண்டுவந்து புதுப் பறவைக்கு இருபுறமும் வரிசையாக வைத்தாள். இப்போது எதுவும் யோசிக்கக் கூடாது, கண் மட்டும் வேலை செய்யட்டும் என்று இருந்தாள். பெஸ்ராவின் கால் பென்சில் முனைபோல, நடுவிரல் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு எங்கோ போய் நின்றது. புதுப் பறவையின் விரல் தடித்து, பக்கத்து விரலோடு சேர்ந்தே நின்றது. வாலை விரித்தாள். பெஸ்ராவின் வாலில் கரும்பட்டைகள் அகலம்; இதிலோ ஓர வால் இறகில் மெல்லிய பட்டைகள், நெருக்கமாக, ஏழு. தொண்டைக் கோடு இருந்தது, இருக்கத்தான் செய்யும், குஞ்சு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வைரி. சந்தேகமே இல்லாமல் வைரி, பெட்டை, முதல் வருஷம். மேலே சோலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனைச்சாவடிப் பக்கம் ஓணான் தேடி வந்து கண்ணாடியில் மோதிய ஒரு சாதாரண வைரி. அறிக்கை எழுதியவர் இதைப் பார்க்காமலே சரியாகச் சொல்லியிருந்தார். அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. நாற்பத்தோரு நாள் பூக்கவில்லை என்று எழுதிய ஆள் கண்ணைத் திறந்துகொண்டு சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பல்லைக் குத்திக்கொண்டே சொன்னது பலித்துவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டால் அவர் எழுதிய மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்தே போட்டதாகும். காக்கா, மைனா, புதர், சோலை இல்லை, ஊற்று இல்லை. ஒரு உண்மையை எழுதி ஒரு மலையையே பொய்யாக்க முடியுமா? முடியும் போலிருக்கிறதே. அப்படியானால் மற்றதெல்லாம் என்ன எழுதியிருக்கிறார்? அப்போதுதான் அவள் கவரைப் பிரித்தாள்.

நான்கு பக்கங்கள். அவருடைய நடைதான், வழவழவென்று. "அடர்ந்த மரக்கூட்டம் எங்கும் காணப்படவில்லை." நேரில் ஆய்வு செய்தவர், முனைவர் திருமூர்த்தி. மூட்டுவலி என்று இரண்டு வருஷமாக மாடிப்படியே ஏறாதவர் ஊமைக்கரட்டில் எப்படி ஏறினார்? யாராவது பையன்களை அனுப்பியிருப்பார், பெயரைப் போட்டுக்கொண்டிருப்பார் என்று ஒரு கணம் அவருக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வரியில் நாட்கள் இருந்தன. பிப்ரவரி ஆறு, ஏழு, எட்டு. காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணிவரை. அவள் அதை மறுபடி படித்தாள். பிப்ரவரி ஐந்தாம் தேதி அவர் தங்கை மகன் கல்யாணம். விருந்தில் என்னவோ கெட்டுப்போய், ராத்திரியே வீடு வந்து சேர்வதற்குள் காரிலேயே வாந்தி. ஆறு, ஏழு, எட்டு மூன்று நாளும் கக்கூஸ் வாசலில் பாய் போட்டுக் கிடந்தார். எழுந்து போகக்கூடத் திராணி இல்லை. அவள்தான் வாளியை வாய்க்கு நேராகப் பிடித்தாள். மஞ்சளும் பச்சையுமாக வந்தது. வேட்டியில் போனதை அவள்தான் அலசினாள். அந்த மூன்று நாளில் ஒரு நிமிஷம்கூட அவளுக்கு அருவருக்கவில்லை. தலையைத் தாங்கிப் பிடித்து, கஞ்சித் தெளிவைக் கரண்டியால் ஊட்டியபோது, சின்னக் குழந்தை மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை ரொம்பப் படுத்தறேன் கண்ணு" என்று அழுதார். கல்லூரியில் அந்த வாரம் ஆய்வுக்குழு வந்திருந்தது. துறைத்தலைவி மூன்று நாள் லீவு போட்டதற்கு முதல்வர் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம் இன்னும் அவள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவள் துடைத்து, கழுவி, ஊட்டிய அந்த மூன்று நாளைத்தான் எடுத்து அவர் மலையில் வைத்திருந்தார். வேறு நாள் கிடைக்கவில்லையா அவருக்கு. வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருந்ததே.

எழுத உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதே கதவைத்தான் தட்ட வேண்டும். ஹைதராபாத்திலிருந்து மகள் போன் போட்டு, அப்பாவை ஏம்மா இப்படிப் பண்ணினே என்பாள். பெண்டாட்டியே காட்டிக்கொடுத்தாள் என்று அவர் நண்பர்கள் பேசுவார்கள். பேசட்டும் என்று சொல்லிவிட அவளால் முடியாது, ஒவ்வொரு பேச்சும் அவளுக்குச் சுடும். இதை எழுதாமல் முதல் வரியை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். கேட்டது பறவையின் பெயர்தானே. யாரும் குறை சொல்ல முடியாது. அந்தச் சரியான, குறைசொல்ல முடியாத ஒரு வரியை நினைத்ததும் தொண்டையில் மறுபடி அது ஏறிற்று. கல்லூரியின் முகவரித் தாளை எடுத்து எழுதினாள். பறவை வைரி, பெட்டை, முதல் வருஷம்; நடுவிரல் நீளம் இருபத்தெட்டரை. இந்த ஒரு பறவையை வைத்து மேற்குச் சரிவில் சோலை உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மூன்றாவதாக: அறிக்கையில் கள ஆய்வு நடந்ததாகச் சொல்லப்படும் பிப்ரவரி ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று நாட்களும் முனைவர் திருமூர்த்தி உடல்நலமின்றி வீட்டில் படுத்திருந்தார். அவரைக் கவனித்துக்கொள்ள நான் கல்லூரியில் விடுப்பு எடுத்தேன். அந்த விடுப்புக்கு விளக்கம் கேட்டு முதல்வர் அனுப்பிய கடிதத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. நான் அவர் மனைவி. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, முதல்வரின் கடிதத்தை நகலெடுத்துக் கூட வைத்தாள்.

சடையப்பன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அந்தப் பேருங்களா அம்மா?"

"இல்லைங்க. சாதாரண வைரிதான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை. "சரிங்க. இருக்கிறதைத்தான எழுத முடியும்," என்றார்.

"ரேஞ்சரை மூணாவது பத்தியைப் படிக்கச் சொல்லுங்க. நீங்க அந்த மூணு நாளும் வேலையில இருந்தீங்களான்னு உங்க பதிவேட்டுலயும் பார்க்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டா வருவேன்."

அவருக்கு முழுசாகப் புரியவில்லை என்று தெரிந்தது. கடிதத்தை மட்டும் சட்டைக்குள் பனியனோடு ஒட்டி வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. திருமூர்த்தி. "என்ன கண்ணு, பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. வைரிதான்."

அவர் சிரித்தார். நிம்மதிச் சிரிப்பு, பழைய சிரிப்பும்கூட. "நான் சொன்னேன்ல. சும்மா அரை நாளை வீணாக்கிட்டே."

சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தாள். "ஆறு, ஏழு, எட்டு மூணு நாளும் நீங்க வீட்ல படுத்திருந்தீங்கன்னும் எழுதிக் குடுத்துட்டேன்."

பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டிலாக இருக்கும். "எதுக்கு வேதா?" என்று கடைசியில் கேட்டார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"நான்தானுங்க வாளி புடிச்சேன். அந்த நாளை ஏன் எடுத்தீங்க?"

"தேதி கேட்டாங்க. எந்தத் தேதி ஞாபகம் இருந்துச்சோ அதைப் போட்டேன்." அப்புறம், "வீட்டுக்கு வருவேல்ல?" என்றார்.

"வருவேன்," என்றாள். அவர்தான் முதலில் போனை வைத்தார்.

மணி இரண்டு. பசித்தது. இவ்வளவுக்கும் பிறகு பசிக்கிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது. வைரியை உறையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, ஆறையும் இரண்டையும் அதனதன் தட்டில் அடுக்கி, சோப்பு போட்டு முழங்கைவரை மூன்றுதரம் கழுவினாள். ஓய்வு பெற்றதிலிருந்து அவளுக்கு மதியச் சாப்பாடு கட்டித் தருவது திருமூர்த்திதான். டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சம் சாதம், கடலைப்பருப்பைத் தனியாக வறுத்து மேலே தூவியிருந்தார். நமத்துப்போகாமல் இருக்க அவர் செய்கிற வித்தை அது. பக்கத்தில் உருளைக்கிழங்கு. இதையும் அந்த விரல்களால்தான் பிசைந்திருப்பார் என்று மனசு சொல்லிப் பார்த்தது. குமட்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உப்பு, புளிப்பு எல்லாம் சரியாக இருந்தது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அழவும் முடியாமல், கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.